சொந்த ஊர்: மேலக்கருப்பூர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
9-4-1934

டிரஸ்ஸர் சபாபதி அவர்களுக்கு,

நல்லம்மாள் எழுதுவது. பன்னிரண்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்தார்களோ என்று பதற வேண்டாம். சாக வேண்டியவர்கள் எல்லாரும் முன்னமே செத்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தச் சாவுக்குத் தாங்கள் வாசல் வரை வந்தீர்கள் என்றும், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்றும் எனக்குத் தெரியும். விட வேண்டாம் என்று சொன்னவளே நான்தான். கூடப்பிறந்த அண்ணன் என்றாலும் அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

காரியம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் மகன் தியாகராஜன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டான். சிங்கப்பூர்க் காலேஜில் வாத்தியார் படிப்புக்கு இடமும் கிடைத்தது. மூன்று வருஷம் படித்தால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேலை நிச்சயம். நான் ரயில்வே ஆட்கள் பதினோரு பேருக்கு மத்தியானச் சோறு ஆக்கித் தூக்குச்சட்டியில் அனுப்பி அவனை இதுவரை கொண்டுவந்தேன். இனி ஒரு படிதான் பாக்கி.

அந்தப் படியில்தான் தடுக்கிவிட்டது. இந்தச் சீமையைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நூறு வெள்ளி கட்டணமாம். அதற்கும் ஸ்டேட் சர்க்காரில் உதவிப்பணம் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முந்நூறு வெள்ளி. உதவிப்பணம் ஒரு காசு கிடையாது. என் பிள்ளை வெளியாள் என்று கடிதம் வந்திருக்கிறது.

பாரத்தை நாங்கள் ஒளிவுமறைவு இல்லாமல்தான் எழுதினோம். பிறந்த இடம் மேலக்கருப்பூர் என்று எழுதினான். கீழே இன்னொரு வரி இருந்தது. "இந்த வார்த்த சரியாப் புரியலம்மா. இருக்குற ஊரக் கேக்குறாங்களோ என்னமோ" என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சொந்த ஊரக் கேக்குறான்டா. ஊரும் பேரும் இல்லாதவனா நீ? மேலக்கருப்பூர், தஞ்சாவூர் ஜில்லான்னு நல்லா எழுது" என்று நான்தான் சொன்னேன். கடிதம் வந்த பிறகு மனு எழுதும் சின்னையாவிடம் காட்டினேன். "பொறந்த எடந்தான் ஒதைக்குது அக்கா. இங்க பொறந்ததுக்குச் சூராட் இருந்தா காட்டுங்க" என்றார். இங்கே பிறப்புப் பத்திரத்தைச் சூராட் என்றுதான் சொல்லுகிறார்கள்.

என் பிள்ளை ஏன் அங்கே போய்ப் பிறந்தான்? யாரால்? ரயில்வே ஆஸ்பத்திரியில் நல்ல மருத்துவச்சி இருக்கிறாள் என்று அவர் எவ்வளவோ சொன்னார். தாங்கள்தான் வளையலும் பலகாரமுமாக வந்து, தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஏழு மாதத்து வயிற்றோடு என்னைக் கப்பலேற்றிக் கூட்டிப்போனீர்கள். இரண்டாவது பிள்ளைக்கு எவனும் டிக்கெட் எடுக்கவில்லை. அதனால் பழனி இங்கேயே பிரிக்பீல்ட்ஸில் பிறந்தான்.

எனக்கு வேண்டியது பழனியின் சூராட். அவனைத் தங்கள் வீட்டில் விட்டபோது துணிமூட்டையோடு வைத்து அனுப்பினேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேட்பார்களே என்று. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவில்லையே. அது அங்கேயே கிடக்கும். தேடி அனுப்பவும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். பழனி செத்ததைச் சர்க்கார் புத்தகத்தில் பதிந்தீர்களா? பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தால் எனக்குப் பிரயோஜனமில்லை.

நல்லம்மாள்


தெராத்தைத் தோட்டம், கிள்ளான்
14-4-1934

அன்புள்ள தங்கை நல்லம்மாளுக்கு,

சபாபதி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. தியாகராஜன் பாஸ் செய்த செய்தி படித்து நானும் உன் அண்ணி வீரம்மாவும் மிகவும் சந்தோஷப்பட்டோம். அவள் தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்தாள்.

நீ கேட்ட விஷயம் பற்றி யோசித்தேன். ஒரு பிள்ளையின் பத்திரத்தை இன்னொரு பிள்ளைக்குக் காட்டுவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் படிப்பு மட்டுமல்ல, சர்க்கார் வேலை என்று எதையும் அவன் பிறகு நினைக்க முடியாது. நான் பத்தொன்பது வருஷமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக மருந்தோடும் ரிஜிஸ்டர்களோடும் மாரடிக்கிறவன். காகிதம் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதைவிட அவனை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தால் என்ன? அங்கே பிறந்தவன்தானே. அங்கே அவனை வெளியாள் என்று யார் சொல்லப்போகிறார்கள்? செலவில் என்னால் ஆனதைச் செய்கிறேன்.

பத்திரம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் ஒரு பெட்டி நனைந்துபோனது. மற்றது பிறகு எழுதுகிறேன்.

அன்புள்ள
சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
19-4-1934

டிரஸ்ஸர் அவர்களுக்கு,

நான் கேட்ட கேள்வி இரண்டு. பத்திரம் இருக்கிறதா? சாவைப் பதிந்தீர்களா? பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் இல்லை.

ஊருக்கு அனுப்பச் சொல்லித் தாங்கள் புத்தி சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை எழுதிய கையோடு ஜனவரியிலேயே அங்கே இரண்டு காலேஜுக்கு எழுதிப் பார்த்தான். சர்க்கார் காலேஜிலிருந்து வந்த பதில், பையன் மாகாணத்தில் குடியிருந்தவன் அல்ல, ஆகையால் வெளியார் கட்டணம் என்று. பாதிரிமார் நடத்தும் காலேஜ் ஒன்று, எங்கே பிறந்தாய் எங்கே இருந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. புண்ணியவான்கள், எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்கிறார்கள். அந்த ஒரே கட்டணம் சிங்கப்பூர்க்காரன் கேட்கும் முந்நூறைவிட அதிகம். கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. இங்கே கேட்டால் இந்தியாக்காரன், அங்கே கேட்டால் மலாயாக்காரன். என் பிள்ளை கடலுக்கு நடுவில் நின்றுதான் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

தங்களால் ஆனதைச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கள் பணம் எனக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் வாங்கிய அரிசி என் அடுப்பில் வேகாது.

சட்டமும் குற்றமும் எனக்கும் தெரியும். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவன் அப்பா சாகிற அன்றைக்குப் பேச்சு நின்றுபோய், கண்ணால் இவனைக் காட்டிக்காட்டிக் கொண்டிருந்தார். படிக்க வைக்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கட்டணம் கட்ட ஜூன் பத்தாம் தேதி கடைசி நாள். அதற்குள் இவன் இந்தச் சீமைப் பிள்ளை ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரயில்வேயில் கரி அள்ளப் போக வேண்டியதுதான். அதற்கும் இப்போது ஆள் எடுப்பதில்லை.

பன்னிரண்டு வருஷம் முன்னே அவர் டைபாய்டில் கிடந்தபோது இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு திண்டாடினேன். "சின்னவன எங்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்" என்று கூட்டிப்போனது தாங்கள். ஒன்பதாம் நாள் ஆள் வந்து, காய்ச்சலில் போய்விட்டான், அடக்கம் முடிந்துவிட்டது என்றான். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. எனக்கு ஒரு பிள்ளையைத் தாங்கள் தர வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கேட்கவில்லை. காகிதத்தைத்தான் கேட்கிறேன்.

நல்லம்மாள்


தெராத்தைத் தோட்டம், கிள்ளான்
27-4-1934

நல்லம்மா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து வீரம்மாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் இன்றைக்குத்தான் விஷயம் தெரியும்.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. பெட்டி எதுவும் நனையவில்லை. பன்னிரண்டு வருஷமும் அது என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. பழனி செத்ததை நான் எங்கும் பதியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பவில்லை. அவன் தோட்டத்து ஆள் அல்ல என்பதால் தோட்டத்துப் புத்தகத்திலும் இல்லை. சர்க்கார் கணக்கில் உன் பழனி உயிரோடு இருக்கிறான். அவனுக்குப் பதினேழு வயது.

ஏன் பதியவில்லை என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். அந்த வாரம் தோட்டத்தில் காய்ச்சல். படுக்கையில் பதினாறு பேர். நான் இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. பழனிக்கும் உடம்பு சுட்டது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து ஒரு புட்டியிலும், கலக்காத கெட்டி மருந்தை இன்னொரு புட்டியிலும் வைத்திருப்பேன். நான் கெட்டி மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "கசக்குது மாமா" என்றான். "நல்ல புள்ள இல்ல, முழுங்கிடு" என்றேன். முழுங்கினான். கொஞ்ச நேரத்தில் காது கேட்கவில்லை என்று அழுதான். பிறகு கண் தெரியவில்லை என்றான். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு எட்டு மைல். மாட்டுவண்டியைப் பூட்டினேன். பூட்டி முடிப்பதற்குள் போய்விட்டான்.

பதிந்திருந்தால் டாக்டர் வந்து பார்த்திருப்பார். என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டிருப்பார். எனக்கு வேலை போயிருக்கும், ஜெயிலும் கிடைத்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டு, காய்ச்சல் என்று உனக்குச் சொல்லியனுப்பினேன். முகத்தை உனக்குக் காட்டாததற்கும் அதுதான் காரணம். உதடு நீலமாக இருந்தது.

நீ சந்தேகப்பட்டாய். மாரியம்மன் கோயில் வாசலில் எல்லார் எதிரிலும் கேட்டாய். நான் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. பத்திரத்தை நீ எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்து.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
12-6-1934

சபாபதி,

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். அண்ணன் என்று எழுத மனம் வரவில்லை. தாங்கள் நீங்கள் என்று எழுதவும் வரவில்லை. பாவி என்று எழுதலாம். அதை எழுதி என்ன ஆகப்போகிறது?

பன்னிரண்டு வருஷம் முன்னே இதைச் சொல்லியிருந்தால் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்திருப்பேன். இப்போது பார், நீ செய்த பாவத்தை எடுத்துத்தான் நான் என் காரியத்தை முடிக்க வேண்டியிருக்கிறது. நீ ஒழுங்காகப் பதிந்திருந்தால் என் பிள்ளைக்கு வழியே இல்லை. உன்னைத் திட்ட வாயைத் திறக்கிறேன், அந்த நினைப்பு வந்து வாயை அடைக்கிறது. என்னைப்போல ஒருத்தி எந்த ஊரிலாவது உண்டா?

நடந்ததைச் சொல்லுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் பிறந்த பழனியப்பன்தான் பள்ளிக்கூடத்தில் தியாகராஜன் என்று பேர் கொடுத்துப் படித்தான், வீட்டுப் பேர் வேறு பள்ளிக்கூடப் பேர் வேறு, முதல் பாரத்தில் தாயின் ஊரைத் தவறாக எழுதிவிட்டோம் என்று சின்னையா இங்கிலீஷில் ஒரு வாக்குமூலம் தயார் செய்தார். நானும் இவனும் சத்தியப் பத்திர அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டோம். காலேஜுக்கு அனுப்பினோம். நூறு வெள்ளிக் கட்டணத்துக்கே சேர்த்துக்கொண்டார்கள். நேற்று ராத்திரி மெயிலில் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னான். "தம்பி பேர்ல நான் எப்பிடிம்மா போய் உக்காருவேன்? வேணாம்மா, கடையில கணக்கு எழுதப் போறேன்" என்றான். நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டான். பிறகு, பேர் பழக வேண்டுமே என்று வீட்டில் பழனி, பழனி என்றே கூப்பிட்டேன். முதல் நாள் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் "பழனி, தண்ணி புடிச்சு வை" என்றேன். "இதோம்மா" என்றான்.

அடுப்பங்கரைக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

நல்லம்மாள்


தெராத்தைத் தோட்டம், கிள்ளான்
10-7-1934

நல்லம்மா,

அவசரமாக எழுதுகிறேன். இன்று காலையில் போலீஸ் சார்ஜென்ட் ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1922ஆம் வருஷம் மே மாதம் இங்கே பழனியப்பன் என்ற பிள்ளை இறந்ததா என்று கேட்டார்கள். பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றதும் போய்விட்டார்கள். நான் எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

யார் சொன்னது? உனக்கு ஏதாவது தாக்கீது வந்ததா? பிள்ளை எப்படி இருக்கிறான்? உடனே எழுது. அவர்கள் மறுபடியும் வந்தால் நான் என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுது. நீ சொல்வதைச் சொல்லுகிறேன்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
26-7-1934

அண்ணனுக்கு,

உண்மையைச் சொல்லிவிடு. இனிமேல் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான் மறந்துபோனேன். அந்த வருஷம் ஜனவரியில் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோமே, பழனி நாலு மாதம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போனானே, அது எனக்கு நினைவில் வரவில்லை. பேர் மாறியிருக்கிறதே என்று காலேஜிலிருந்து கல்வி அதிகாரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூடத்துப் பழைய ரிஜிஸ்டரை வரவழைத்தார். தியாகராஜன் பேர் ஒரு வரி, பழனியப்பன் பேர் அடுத்த வரி. பழனியின் வரியை அடித்து, மே மாதம் தெராத்தைத் தோட்டத்தில் இறந்துவிட்டான் என்று அப்போதிருந்த வாத்தியார் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சாவு அந்த ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது.

பிள்ளையைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பேரை எடுத்தாயிற்று. நேற்று எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர். பக்கத்தில் ஜெயராஜ் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். துரை கோபக்காரராகத் தெரியவில்லை. அடங்கின குரலில்தான் கேட்டார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்; ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

"மலாயாவுல எத்தன வருசமா இருக்கீங்கம்மா?"

"பெரியவன் ஏழு மாசக் கொழந்தையா இருக்கறப்ப வந்தது. பதினெட்டு வருசம் ஆச்சுங்க."

"நடுவுல ஊருக்குப் போனீங்களா?"

"எங்கேர்ந்துங்க போறது? ஒருதரமும் போகல."

"பையன்?"

"அவனுக்கு ஊரே தெரியாதுங்க."

"அப்பறம் சொந்த ஊரு மேலக்கருப்பூர்னு ஏம்மா எழுதுனீங்க?"

"எங்க ஊரு அதானுங்களே."

ஜெயராஜ் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். ஜெயராஜ் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த வரி பூர்வீகத்தக் கேக்கலம்மா. எங்க குடியிருக்கீங்க, எந்த ஊர நம்பி இருக்கீங்கன்னு கேக்குது. பிரிக்பீல்ட்ஸ்னு எழுதியிருந்தா போதும். ஆறு வருசம் இங்க இருந்த புள்ளைக்கு இந்த ஊர்க் கட்டணந்தான். பொறந்த எடம் எங்கயா இருந்தாலும் சரின்னு துரை சொல்றாரு."

"உதவிப்பணம்?" என்று கேட்டேன். இன்னும் எதை எதிர்பார்த்துக் கேட்டேனோ தெரியவில்லை. "அதுவும் கெடச்சிருக்கும்மா" என்றார்.

அண்ணா, நானே என் கையால் பிள்ளையின் கழுத்தை அறுத்துவிட்டேன். உன் மேல் பழி போட்டேன், தலைச்சன் பிரசவத்தின் மேல் பழி போட்டேன். பிரசவத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பிள்ளை அன்றைக்கே சரியாகக் கேட்டான். நான்தான் பெருமை பேசி அவன் வாயை அடைத்தேன். பதினெட்டு வருஷமாகக் கண்ணால் பார்க்காத ஊருக்கு அவ்வளவு பெருமை என்ன வேண்டிக்கிடந்தது எனக்கு?

வீட்டுக்கு வந்ததும் அவன் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தான். திட்டியிருக்கலாம். பொய்ச் சத்தியம் செய்ததற்கு இரண்டு பேர் மேலும் வழக்கு. வருகிற மாதம் பதினாறாம் தேதி.

நல்லம்மாள்


கிள்ளான், ரயிலடிப் பக்கம்
20-8-1934

நல்லம்மா,

மேலே உள்ள விலாசத்தைக் குறித்துக்கொள். போலீசிடம் எல்லாவற்றையும் சொன்ன மறுநாளே தோட்டத்துத் துரை என்னை அங்கிருந்து போகச் சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறோம். வீரம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

என் வழக்கு சனிக்கிழமை முடிந்தது. என் வாய்வார்த்தையைத் தவிர மருந்து கொடுத்ததற்குச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். சாவைப் பதியாததற்கு அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டுப் பழனியின் சாவைப் பதிந்தேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதப்போனார் குமாஸ்தா. மாமன் கொடுத்த மருந்து என்று எழுதுங்கள் என்றேன். அப்படியெல்லாம் எழுத முடியாது என்று காய்ச்சல் என்றே எழுதினார்.

வியாழக்கிழமை உங்கள் வழக்கில் நான் கோர்ட்டில் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ பார்த்தாயோ இல்லையோ. தியாகராஜன் சொன்னதை, உன்னைத் தனியாக உள் அறையில் வைத்திருந்ததால் நீ கேட்டிருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். "எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. கையெழுத்துப் போட மட்டும் பழகியிருக்காங்க. என்ன காகிதம்னு சொல்லாமத்தான் நான் போட வச்சேன். யோசன எல்லாம் என்னோடதுங்க" என்று நிமிர்ந்து நின்று சொன்னான். சின்னையாவையும் காட்டிக்கொடுக்கவில்லை. உன்னை விட்டதற்கு அதுதான் காரணம்.

எழுந்து போய், பொய், என் தங்கச்சிக்கு என்னைவிட நன்றாக எழுதத் தெரியும், அவள் கடிதங்கள் என் சட்டைப்பையில் இருக்கின்றன என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஜெயிலுக்குப் போவாய். சொல்லாவிட்டால் அவன். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

தீர்ப்பு உனக்குத் தெரியும். ஆறு மாதம் ஜெயில். அல்லது ஒரு மாதத்துக்குள் சொந்த ஊருக்குக் கப்பலேறிப் போய்விடுவதாக எழுதிக்கொடுத்தால் ஜெயில் இல்லை. ஊர் எது என்று அவனைக் கேட்கக்கூட இல்லை. முதல் பாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

கப்பல் எந்தத் தேதி என்று எழுது. டிக்கெட்டுக்கு வேண்டியதை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
13-9-1934

அண்ணனுக்கு,

நேற்று நீ ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கி ஓரமாக நின்றதைப் பார்த்தேன். கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டால் அவன் எதிரில் உடைந்துபோவேனோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய பணத்தில்தான் டிக்கெட் எடுத்தது. அவனிடமும் சொன்னேன்.

ஜெயில் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று அவன்தான் முடிவு செய்தான். ஜெயிலுக்குப் போனவன் அம்மா என்று ரயில்வே ஆட்கள் என் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. கூடப் போகலாம் என்றால் இன்னொரு டிக்கெட்டுக்கு எங்கே போவது? போனாலும் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?

கறுப்பு டிரங்குப் பெட்டி, நாலு வேட்டி, சீனியர் கேம்பிரிட்ஜ் சர்டிபிகேட். டெக்கில் ஆயிரம் பேர். நாட்டுக்குத் திரும்புகிற சந்தோஷத்தில் சிலர் பாட்டுப் பாடினார்கள். இவன் மட்டும் புதிதாக வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டுபோகிறவனிடம் அகப்பட்டவன் மாதிரி மிரண்டுபோய் நின்றான். இந்தப் பிள்ளை கோலாலம்பூரை விட்டால் சிங்கப்பூரில் அந்த ஒரு மாதம் இருந்ததுதான். மாட்டைக்கூட அவனுக்குத் தூரத்திலிருந்துதான் பழக்கம்.

சங்கு ஊதினார்கள். படியேறப் போனவன் திரும்பி வந்தான். காலில் விழப் போகிறானாக்கும் என்று நினைத்தேன். "அம்மா, நாகப்பட்டினத்துல எறங்கி, ரயில்ல நீடாமங்கலம். அது தெரிஞ்சுபோச்சு. அங்க டேசன்ல எறங்கி எந்தப் பக்கம்மா நடக்கணும்?" என்று கேட்டான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணா. வண்டியில் உட்கார்ந்து போனவள்தானே நான், ஒருநாளும் நடந்துபோகவில்லை. வாய்க்கு வந்தபடி, "கெழக்கால போ, ஆத்துப் பாலம் வரும், யாரயாவது கேளு" என்றேன். சரிம்மா என்று போய்விட்டான். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க யோசித்துப் பார்க்கிறேன். கிழக்கா மேற்கா என்று நிச்சயமில்லை. பாலம் நம் ஊர்ப் பாதையில் இருந்ததா, அவன் அப்பா ஊர்ப் பாதையில் இருந்ததா என்றும் புரியவில்லை.

அம்மா செத்தபோது நீ போய் வந்திருக்கிறாய். உனக்குத் தெரியும். எந்தப் பக்கம், எத்தனை மைல், நம்மவர்கள் என்று இன்னும் அங்கே யாராவது இருந்தால் அவர்கள் பேர் என்ன, எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி நீடாமங்கலம் ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்துக் கொடுக்கவும் என்று போட்டு அவன் பேருக்கு அனுப்பு. தியாகராஜன் என்றே எழுது. அடுத்த தபால் கப்பல் இருபதாம் தேதிதானாம். அதற்குள் அவன் போய் இறங்கிவிடுவான். இருந்தாலும் எழுது.

நல்லம்மாள்